மறைக்கப்பட்ட ஒரு தாள்



மாயா மூர் என்கிற கறுப்பினப் பெண்ணைப் பற்றி இந்த முறை எழுதியாக வேண்டும். கூடைப்பந்து ஆடியவர். 2025இல் அமெரிக்காவின் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். நல்ல ஆட்டத்தில் இருந்தபோதே விட்டுட்டுப் போயிட்டாரே என்ற அங்கலாய்ப்பு ரசிகர்களுக்கு இருக்கலாம். எதற்காக விட்டார் என்பதே நமக்கு முக்கியம்.

முதலில் எதை விட்டார் என்று பார்ப்போம். 1989இல் மிசூரி மாநிலத்து ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தவர். அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை. கனெக்டிகட் பல்கலைக்கழக அணியில் ஆடிய நான்கு வருஷத்தில் வெற்றி 150, தோல்வி வெறும் 4. 2011இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து மின்னசோட்டா லிங்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த வருஷமே கோப்பை. அப்புறம் 2013, 2015, 2017 என்று மேலும் மூன்று. 2014இல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது. 2012, 2016 ஒலிம்பிக் தங்கம். உள்நாட்டில் ஆட்டம் இல்லாத மாதங்களில் ஸ்பெயினுக்கும் சீனாவுக்கும் போய் ஆடி அங்கேயும் கோப்பை.

2016 ஜூலையில் ஆல்டன் ஸ்டெர்லிங், ஃபிலாண்டோ காஸ்டில் என்ற இரண்டு கறுப்பர்களை அடுத்தடுத்த நாட்களில் போலீஸ் சுட்டுக் கொன்றது. மூரும் சக அணித்தலைவர்கள் மூவரும் அந்தப் பெயர்கள் பொறித்த கறுப்புச் சட்டையோடு மினியாபொலிஸ் அரங்கத்துக்கு வந்தார்கள். அதே வாரம் டல்லஸில் கொல்லப்பட்ட போலீஸ்காரர்களுக்கான சின்னமும் அந்தச் சட்டையிலேயே இருந்தது. அப்படியும் பொறுக்கவில்லை. காவலுக்கு வந்திருந்த நான்கு போலீஸ்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே நகரத்தில்தான் 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றது போலீஸ்.

இனி வழக்குக்கு வருகிறேன். 1997இல் மிசூரியில் ஓஃபாலன் என்ற ஊரில் ஒரு வீடு புகுந்து திருட்டு. வீட்டுக்காரர் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். பிடிபட்ட ஜொனாதன் அயர்ன்ஸுக்கு வயது 16. சிறுவன் என்று பார்க்காமல் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளையர்கள். 1998இல் தீர்ப்பு: 50 வருஷம் சிறை. ரத்தம், கைரேகை என்று எதுவுமே அந்தப் பையனை அந்த வீட்டோடு இணைக்கவில்லை. ஆனாலும் உள்ளே தள்ளினார்கள்.

கல்லூரிக்குப் போகுமுன் 2007இல் மூர் குடும்பத்தாரோடு போய் அயர்ன்ஸைச் சிறையில் பார்த்தார். சிறை இருந்ததும் அவர் பிறந்த ஜெஃபர்சன் சிட்டியில்தான். கோப்பைகள் வாங்கிய வருஷங்களில் எல்லாம் இந்த வழக்கும் கூடவே வந்தது. 2019இல், 29 வயதில், ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். வழக்கறிஞரை அமர்த்துவதில் உதவினார், விசாரணைக்குப் போய் உட்கார்ந்தார். 2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். காரணம் ஒரு தாள். வீட்டுக் கதவில் கிடைத்த ஒரு கைரேகை அயர்ன்ஸுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை என்று சொன்ன அறிக்கை. அது பிரதிவாதித் தரப்பின் கைக்குத் தரப்படவே இல்லை. அரசு தரப்பு அப்போதும் விடாமல் மேல்முறையீடு செய்து தோற்றது. 2020 ஜூலை 1 அன்று அயர்ன்ஸ் வெளியே வந்தபோது வயது 40.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு வவுச்சர் காணோம் என்றால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாது. டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சில நூறு ரூபாய்க்கு இந்தக் கறார். ஒரு மனுஷனின் இருபது வருஷத்துக்கும் மேலான வாழ்க்கைக்கு ஒரு தாள் இடித்தது. கணக்கை மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாருடைய கணக்கு டேலி ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்வதற்குப் பெயர் அங்கே நிறம், இங்கே சாதி.

இந்த உறவு நமக்குப் புதுசு இல்லை. 1946இல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்தோம், முழக்கத்தை எடுத்தோம். மூரிடமிருந்து எடுக்க வேண்டியது கட்டு கட்டான வழக்குக் காகிதத்தைப் பொறுமையாகப் படிக்கிற வேலையை.

மூரைத் தியாகி என்று கும்பிட்டுவிட்டுப் போவது சுலபம். அவருக்குப் புகழ் இருந்தது, பணம் இருந்தது. அப்படியும் ஒரே ஒரு மனுஷனை மீட்க இத்தனை வருஷம். சாம்பியன் யாரும் வராத மற்றவர்கள் கதி? 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். மக்கள்தொகையில் நம் பங்கை விடச் சிறையில் நம் பங்கு அதிகம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும், படித்து உத்தியோகம் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியிலிருந்து உள்ளே போனவர் யார், எந்த வழக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு? குற்றப்பத்திரிகை நகலைக் காசில்லாமல் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அது அந்த வீட்டில் இருக்கிறதா? இருந்தால் உட்கார்ந்து வாசியுங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். எந்தத் தாள் குறைகிறது என்று கேளுங்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்குவதற்கா நம்மைப் படிக்க வைத்தார்கள்?