பச்சை பஸ்ஸின் பாரம்பரியம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல், அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுக நகரம். அந்த ஊரிலேயே கட்டிய 'லோடெக்கா' மாடி பஸ்களை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த பாலத்துக்கடியிலும் நுழைகிற மாதிரி உயரம் குறைத்துக் கட்டிய வண்டி. பாரம்பரிய நாள் வந்தால் பச்சை பெயிண்ட் பளபளக்க வெளியே வரும். பழைய யூனிஃபார்ம், கழுத்தில் டிக்கெட் மெஷின் என்று கண்டக்டர் வேஷம் கட்டுகிறவர்களும் உண்டு. 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெரிசுகள் கண் கலங்கும்.

வரவே வேண்டாமய்யா அந்தக் காலம்!

1963 வரைக்கும் அந்த பஸ்ஸில் கறுப்பருக்கோ ஆசியருக்கோ டிரைவர், கண்டக்டர் வேலை கிடையாது. பணிமனையில் எடுப்பார்கள், கேன்டீனில் எடுப்பார்கள். பயணியின் கையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் எடுக்க மாட்டார்கள். சேரிக்காரன் மாடு மேய்க்கலாம், கறந்த பாலைத் தொடக் கூடாது என்கிற அதே சட்டம்தான். கய் பெய்லி என்ற 18 வயது இளைஞருக்கு இன்டர்வியூவுக்கு நேரம் கொடுத்தார்கள். கறுப்பர் என்று தெரிந்ததும் ரத்து செய்தார்கள்.

முதலாளி மட்டும் குற்றவாளி இல்லை. நிறத்தவரை பஸ்ஸில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1955இல் தீர்மானம் போட்டது அங்கிருந்த தொழிற்சங்கக் கிளை. நானும் ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன்தான். வர்க்கம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நமக்குப் பாடம் எடுக்கிற தோழர்கள் இந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் போன்றவர்கள் பஸ் புறக்கணிப்பு நடத்தினார்கள். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். வெள்ளைத் தொழிலாளிகள் அவர்களைக் கேலி செய்தார்கள். நாலு மாசம். ஆகஸ்ட் 28ஆம் தேதி கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் முதல் கண்டக்டராக ஏறியவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். சங்கம் மன்னிப்புக் கேட்டது 2013இல். ஐம்பது வருஷம் யோசித்திருக்கிறார்கள், பாவம்.

வண்டியின் துருவைச் சுரண்டி, திருகாணிகூட அசலாகத் தேடி மாட்டுகிறவர்கள், யாரை ஏற்றவில்லை என்பதையும் அசலாகக் காட்ட வேண்டாமா? அந்த 1955 தீர்மானத்தை வண்டிக்குள் ஒட்டுங்கள்.

வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு: 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்த தேவேந்திரர். தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறுவதா என்று ஆதிக்க சாதிகள் கலவரம் செய்தன. அங்கே கறுப்புக் கை நீட்டுகிற டிக்கெட் ஆகாது. இங்கே வண்டியின் பக்கவாட்டில் நாலு எழுத்துகூட ஆகாது. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் ஒரே டப்பா பெயிண்டில் அழித்தது, மாவட்டப் பெயர்கள் உட்பட. சமத்துவமாம்!

நாளைக்கு இங்கேயும் எவனாவது 1997ஆம் வருஷத்து பஸ் ஒன்றை ஷெட்டிலிருந்து எடுத்துப் பாரம்பரியம் என்று ஓட்ட ஆசைப்படலாம். தாராளமாக ஓட்டட்டும். அழித்த பெயரை முதலில் எழுதட்டும். எந்த ரூட்டில், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் போதும், நாங்கள் ஸ்டாப்பிங்கில் நிற்போம்.