நீதிமானும் அவன் வீட்டு நாயும்



இந்த வாரம் நாயின் உடலிலிருந்து உதிரும் ரோமத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். இது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆவிக்குரிய வாழ்க்கைக்கும் நாயின் ரோமத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். நீதிமொழிகள் 12-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். நீதிமானுக்கு அடையாளமாக அவனுடைய காணிக்கையையோ உபவாசத்தையோ அந்த வசனம் சொல்லவில்லை. தன் மிருகத்தின் உயிரைக் குறித்து அவன் கவலைப்படுவதையே சொல்கிறது. அதன் பிற்பகுதியோ, தீயவர்கள் காட்டும் இரக்கம்கூடக் கொடுமையாய் முடிகிறது என்று எச்சரிக்கிறது. அந்த இரண்டு பகுதிகளையும் மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "நாய் நல்ல நாய்தான் ஐயா, ஆனால் வீடெல்லாம் முடி" என்பார்கள். சோற்றில் முடி, ஜெபிக்க விரித்த பாயில் முடி, குழந்தையின் துணியில் முடி. இதற்கு மக்கள் கண்டுகொள்ளும் தீர்வுகள் பெரும்பாலும் மூன்று. நாயை நிரந்தரமாக வெளியே சங்கிலியில் கட்டிவிடுவது, வெயில் காலம் வந்ததும் மொட்டையடித்துவிடுவது, யாருக்காவது கொடுத்துவிடுவது. கொடுக்க ஆள் கிடைக்காதபோது, தெருவிலே விட்டுவிடுவதும் நடக்கிறது. இந்த மூன்றும் தவறான தீர்வுகள் என்பதே என் கருத்து. சரியான தீர்வு ஒரு சீப்பும், வாரத்தில் சில முறை 15 நிமிடமும்தான்.

முதலாவது, ரோமம் உதிர்வது நாயின் குற்றமன்று. ஒவ்வொரு ரோமத்துக்கும் வளரும் பருவம் ஒன்றும் ஓய்வுப் பருவம் ஒன்றும் உண்டு. ஓய்வுப் பருவத்தின் முடிவில் பழைய ரோமம் வேரிலிருந்து கழன்று, புதியதற்கு இடம் கொடுக்கிறது. படைப்பில் வைக்கப்பட்டிருக்கிற ஒழுங்கு அது. பகல் நேரத்தின் நீளமும் தட்பவெப்பமும் இந்தச் சுழற்சியை நடத்துகின்றன. இரவு வெகுநேரம் மின்விளக்கு எரியும் வீடுகளுக்குள் வளரும் நாய்களுக்கு அந்தக் கணக்கு மங்கிப்போவதால், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும்.

லாப்ரடார், அல்சேஷன், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் போன்ற நாய்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே தெரிவது நீண்ட, முரட்டு ரோமம். அது மழையையும் வெயிலையும் தடுக்கிறது. அடியில் இருப்பது பஞ்சு போன்ற மெல்லிய ரோமம். அதிகமாக உதிர்வது இந்த அடிரோமமே. உதிர்ந்தது எல்லாம் தரைக்கு வந்து சேருவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு பகுதி மேல்ரோமத்தில் சிக்கி உடம்பிலேயே தங்கிவிடுகிறது. தரையில் நாம் காண்பது தொல்லை; உடம்பில் தங்குவதுதான் துன்பம்.

அந்தத் துன்பம் எப்படிப்பட்டது? தங்கிய ரோமம் ஒன்றோடொன்று பின்னிச் சடையாகிறது. காதின் பின்புறம், முன்கால் இடுக்கு, பின்தொடையின் உட்புறம், வாலின் அடி ஆகிய இடங்களில் இது முதலில் தொடங்கும். சடை இறுக இறுக, நாய் அசையும்போதெல்லாம் அது தோலைப் பிடித்து இழுக்கிறது. தலைமுடியை யாரோ ஒருவர் நாள் முழுவதும் கையில் சுற்றிப் பிடித்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதன் அடியில் காற்று புகாது. குளித்த ஈரமும் மழை ஈரமும் உலராமல் தங்கும். அங்கே தோல் சிவந்து, கசிந்து, புண்ணாகும். உண்ணிகள் ஒளிந்துகொள்வதற்கும் அதுவே வசதியான இடம். நாய்களின் இரத்தத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும் காய்ச்சல்களை உண்ணிகள் பரப்புகின்றன. நாய்க்குத் தன் வேதனையைச் சொல்ல வாயில்லை. அது சொறியும், நக்கும், தொட வந்தால் உறுமும். நாமோ "இதற்குக் கோபம் அதிகமாகிவிட்டது" என்று சொல்லி இன்னும் தள்ளி வைக்கிறோம்.

இப்போது வசனத்தின் பிற்பகுதிக்கு வருவோம். சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் நாயைக் கண்டு மனமிரங்கி, அதன் ரோமத்தை ஒட்ட மழித்துவிடும் நல்ல உள்ளங்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களைத் தீயவர் என்று ஒருபோதும் சொல்லேன். ஆயினும், நல்லவரின் இரக்கமும் அறிவில்லாமல் செயல்பட்டால் கொடுமையாக முடிவதுண்டு. நாய் நம்மைப்போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்வதில்லை. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களின் அடியில் உள்ளன. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே அது முக்கியமாகத் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. இரட்டை அடுக்கு ரோமம் குளிரைத் தடுப்பதுபோலவே வெளிவெப்பத்தையும் தடுக்கிறது. அதை மழித்துவிட்டால் வெயில் நேரடியாகத் தோலைச் சுடும். சில நாய்களுக்கு மழித்த இடத்தில் பல மாதங்கள் ரோமம் வளராமலே இருப்பதும், வளர்ந்தாலும் பழைய தன்மை மாறிவிடுவதும் உண்டு. இறந்த அடிரோமத்தை வாரி எடுத்துவிட்டு மேல்ரோமத்தை விட்டுவைத்தால், இடையே காற்று ஓடும். அதுவே மெய்யான இரக்கம். புண்ணுக்கு மருந்து போடவோ, பிரிக்கவே முடியாத சடையை நீக்கவோ கால்நடை மருத்துவர் மழிக்கச் சொன்னால் அது வேறு. ஷிட்ஸூ, பூடில் போன்று ரோமம் நீண்டு வளரும் இனங்களுக்கு அவ்வப்போது கத்தரித்துவிடுவதும் வேறு.

எப்படி வார வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் ஊர் நாய்களுக்கும் தெரு நாய் இனத்தைச் சேர்ந்தவற்றுக்கும் ரோமம் குட்டையானது. வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் பிரஷ் கொண்டு தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இரட்டை அடுக்கு உள்ளவற்றுக்கு வாரத்தில் 2 அல்லது 3 முறையும், அதிகமாக உதிரும் காலத்தில் அன்றாடமும் வார வேண்டும். மேலோட்டமாக வாரினால் மேலே பளபளக்கும், அடியில் சடை அப்படியே இருக்கும். ஆகவே ஒரு கையால் ரோமத்தைப் பிரித்துத் தோல் தெரியச் செய்து, சிறிது சிறிதாக, ரோமம் படியும் திசையிலே வாருங்கள். எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியாவிட்டால், அதே சீப்பை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் அதற்கும் வலிக்கும்.

சிக்கு விழுந்திருந்தால் விரல்களால் மெல்லப் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கி அடிக்கு வாருங்கள். கத்தரிக்கோலைத் தோலருகே கொண்டுபோகாதீர்கள். சடையோடு தோலும் மேலெழுந்து வெட்டுப்பட்டுவிடும். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிடுங்கள். நனைந்த சிக்கு இன்னும் இறுகும். நமக்கான ஷாம்பூ நாயின் தோலுக்கு ஏற்றதன்று. குளித்தபின் அடிவரை உலர்த்துங்கள். முதல் நாளிலேயே முழு உடம்பையும் வாரிவிட வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு நிமிடம், ஒரு பிஸ்கட், ஒரு நல்ல வார்த்தை. மறுநாள் மூன்று நிமிடம். குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் வளர்ந்தபின் அதுவே வந்து உங்கள் காலடியில் படுத்துக்கொள்ளும்.

தன் மந்தையின் நிலையை மேய்ப்பன் நன்றாய் அறிந்திருக்க வேண்டும் என்று நீதிமொழிகளின் ஆசிரியர் வேறோர் இடத்தில் அறிவுரை கூறுகிறார். தொட்டுப் பார்க்காதவனுக்கு நிலை எப்படித் தெரியும்? வாரும் கை எதையெல்லாம் கண்டுபிடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நேற்று இல்லாத ஒரு கட்டி, காதின் துர்நாற்றம், ஈ மொய்க்கத் தொடங்கிய சிறு காயம், எலும்பு தட்டுகிற இளைப்பு. வட்டமாக ரோமம் கொட்டியிருந்தாலோ, தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலோ, இருபுறமும் ஒரே மாதிரி ரோமம் குறைந்தாலோ அது சாதாரண உதிர்வன்று. சொறிப்பூச்சியோ, பூஞ்சையோ, உள்ளே சுரப்பிக் கோளாறோ இருக்கலாம், மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய் தடவாதீர்கள், வெறும் விரலால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

"மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு அலங்காரமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கடைகளில் நாய்களுக்கு வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் விற்கிறார்கள். அவற்றுக்காக நான் வாதாடவில்லை. அலங்காரம் நம் கண்களுக்காகச் செய்யப்படுவது. இறந்த ரோமத்தை எடுப்பது அதன் உடம்புக்காகச் செய்யப்படுவது. ஏழைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு ரூபாயையும் இது தொடுவதில்லை. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுக்கிற நேரத்தில் சிறிதளவையே கேட்கிறது.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். நாம் வாராமல் விட்ட ரோமத்தை நம் வீடுகளில் யார் பெருக்குகிறார்கள்? பல வீடுகளில் வேலைக்கு வரும் சகோதரிதான். குனிந்து குனிந்து கட்டிலின் அடியிலும் சோபாவின் இடுக்கிலும் எடுக்கிறவர் அவர். நாய் நம்முடையது, பாசம் நம்முடையது, பாரம் மட்டும் அவருடையதா? இளைப்பு நோயுள்ள பிள்ளை வீட்டில் இருந்தாலும் இதையே யோசியுங்கள். ஒவ்வாமையை உண்டாக்குவது ரோமமல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள்தான். அவற்றைச் சுமந்துகொண்டு ரோமம் வீடெங்கும் பரவுகிறது. ஒவ்வாமை இல்லாத ஒருவர் முற்றத்தில் வைத்து வாரிவிடுவது அந்தப் பிள்ளைக்கும் செய்கிற உதவி.

ஆகவே, புதிதாக நாய் வாங்க நினைக்கிறவர்களுக்கு என் தாழ்மையான ஆலோசனை இது. படத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் தரையில் உட்கார்ந்து வார உங்கள் வீட்டில் ஆள் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் குட்டை ரோமமுள்ள நம் ஊர் நாயொன்றைக் கொண்டுவாருங்கள். அதுவும் இயலாதென்றால் வாங்காமலே இருங்கள். பிள்ளைகள் கேட்டு அடம்பிடித்தால், சீப்பை அவர்கள் கையில் கொடுத்து இந்தப் பொறுப்பைக் கற்றுக்கொடுங்கள். பேச முடியாத ஓர் உயிரின் வலியைக் கையால் அறியப் பழகிய பிள்ளை, நாளைக்குப் படுக்கையில் கிடக்கும் பாட்டியின் முதுகுப் புண்ணையும் கவனிக்கும்.

பிரியமானவர்களே, இன்று ஓய்வுநாள் ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் நாயின் காதின் பின்புறத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். அங்கே முடிச்சு ஏதேனும் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால், மாலை ஜெபத்துக்கு முன் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்காருங்கள். தாம் படைத்த யாவற்றையும் நல்லதெனக் கண்ட தேவன், அந்தச் சிறிய வேலையிலும் உங்களோடு இருப்பாராக. ஆமென்.