தொடுப்பவனின் கை

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் ஏதேனும் ஒரு நூலைப் பிரித்துக்கொள்வது நம் வழக்கம். இம்முறை மடியில் நூல் இல்லை. காதில் ஹெட்போன், கைப்பேசியில் நம் மாணவர் ஒருவர் ஏற்றிக் கொடுத்த இரண்டு இசைத்தொகுப்புகள். 65 கி.மீ. மலைப்பாதைக்கு அவை போதும் என்றார் அவர். ஏன் கொடுத்தார் என்பதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதுகலை இரண்டாமாண்டு ஆய்வேட்டுக்கு அவர் கொண்டுவந்த தலைப்பு, டி.ஜே.க்கள் பாடலோடு பாடலைத் தொடுக்கும் முறைகளும் தமிழ்த் தொகை நூல்களும் என்பது. வாரக் கடைசிகளில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் திருமண மண்டபங்களில் டி.ஜே.யாக நின்று தம் கட்டணத்தைத் தாமே கட்டிக்கொள்பவர் அவர். துறைக் கூட்டத்தில் ஒருவர், "அடுத்தவன் போட்ட பாட்டை ஓட்டுகிறவனுக்கு என்ன கலை வேண்டிக்கிடக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். தலைப்பு, சங்க இலக்கியத்தில் மலர்கள் என்று மாற்றப்பட்டது. அந்தத் தலைப்பில் நம் நூலகத்து அலமாரியில் எத்தனை ஆய்வேடுகள் உறங்குகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர் மறுபேச்சுப் பேசவில்லை. "ஐயா, மலை ஏறும்போது கேளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

முதல் தொகுப்பு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஜெஃப் மில்ஸ் 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் அரங்கில் வாசித்தது, 1996இல் வெளிவந்தது. ஏறக்குறைய 70 நிமிடத்துக்குள் 30க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் வந்து போகின்றன. ஒரு தட்டு நம் காதில் நிலைகொள்ளும் முன்னரே அடுத்தது அதன் மேல் ஏறி அமர்கிறது. சில இடங்களில் இரண்டு தாளங்கள் மோதிச் சிராய்த்துக்கொள்வதும் கேட்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. கொண்டையூசி வளைவில் ஓட்டுநர் கியரை மாற்றும்போது எழும் முறுமுறுப்பைப் போல அதுவும் பயணத்தின் பகுதியாகிவிடுகிறது.

இரண்டாவது, அதே 1996இல் பிரிட்டனின் சாஷாவும் ஜான் டிக்வீடும் சேர்ந்து தொகுத்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்'. இதில் பாடல்கள் மிகக் குறைவு. ஒன்று முடிவதற்குள் மற்றொன்று நீருக்கடியில் வருவதுபோல வந்துவிடுகிறது. சுருதியும் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். பெருமாள்மலை தாண்டி மூடுபனி இறங்கியபோது எந்த இடத்தில் பாடல் மாறியது என்று இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம், பிடிபடவில்லை.

இருவர் வேலையும் அடிப்படையில் ஒன்றுதான். நிமிடத்துக்கு 128 தட்டு உள்ள பாடலை 126 தட்டு உள்ளதோடு சேர்க்க வேண்டுமானால் ஒன்றின் வேகத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ஒரு காதில் அரங்கத்தையும் மறு காதில் வரப்போகும் பாடலையும் கேட்டுக்கொண்டு விரல் நுனியால் தட்டைத் தள்ளியும் தடுத்தும் சரிசெய்ய வேண்டும். 1970 வாக்கில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராசோ இதைத் திறம்படச் செய்து காட்டினார் என்பார்கள். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற இசைத்தட்டுச் சுழலி பின்னாளில் இவர்களின் வீணையாயிற்று.

தமிழ் படித்தவனுக்கு இதைக் கேட்டதும் நன்னூலின் புணரியல் நினைவுக்கு வராமலிராது. வேகத்தை மாற்றிச் சேர்ப்பது திரிதல்: பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல. வரும் பாடலுக்கு வழிவிட இருக்கும் பாடலின் அடித்தொனியை வெட்டுவது கெடுதல்: மரவேரில் மகரம் போவதுபோல. மில்ஸ், ரோலண்ட் 909 தாள இயந்திரத்தைக் கையால் இடையில் வாசிப்பதற்குப் பேர்பெற்றவர்; அது தோன்றல், பூங்கொடியில் வரும் ஙகரம். மூன்று விகாரமும் ஆயிற்று. இயல்பு புணர்ச்சி எங்கே என்று தேடினால் விடை கோவாவில் இருக்கிறது.

கலிபோர்னியாவில் பிறந்து கோவாவில் வாழ்ந்து 2023இல் மறைந்த கோவா கில், டாட் எனப்படும் இலக்க ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு 24 மணி நேரம்கூடத் தொடர்ந்து இசைத்தவர். அந்த நாடாக் கருவியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. ஆதலால் தாளத்தோடு தாளத்தைப் பொருத்தும் பேச்சே எழவில்லை. பாடலின் கடைசியில் தாளம் ஓய்ந்து வெறும் ஓசை நீளும். அந்த ஓசையில் அடுத்த பாடலின் தாளமற்ற தொடக்கம் கலக்கும். கோவா டிரான்ஸ் பாடல்கள் பலவற்றுக்கு நீண்ட முகப்பும் நீண்ட வாலும் அமைந்தது பெருமளவு இதனால்தான். கருவியின் குறை ஒரு பாணியைப் பெற்றுத் தந்திருக்கிறது! அந்த மரபின் கிளையொன்றுதான் இஸ்ரேலியப் பயணிகளின் பைகளோடு வட்டக்கானல் வரை வந்து சேர்ந்தது. வட்டக்கானலுக்குக் குட்டி இஸ்ரேல் என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது அல்லவா.

நம் சிற்றூர் மைக்செட்காரரையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். அவரிடம் ஒரே ஒரு தட்டுச் சுழலி. விடியற்காலை சீர்காழியின் விநாயகர் பாட்டு முடிந்ததும் ஊசி கரகரக்கும், அவர் குழாயில் இருமுவார், பிறகு எல். ஆர். ஈஸ்வரி. அந்தக் கரகரப்புக்காகவே காத்திருந்த காலம் உண்டு. அடுத்து என்ன வரும் என்பது ஊருக்கே ஒரு புதிர்.

பிறர் பாட்டை ஓட்டுகிறவனுக்கு என்ன கலை என்ற கேள்விக்கு வருவோம். அதே கேள்வியை மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மரிடம் கேட்க நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? அகநானூற்றின் 400 பாட்டையும் தொகுத்தவர் அவர். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். ஒன்றுவிட்டு ஒன்று பாலை வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அதன் இடையிடையே மற்ற நிலங்கள் மின்னி மறைகின்றன. பாலைதான் அந்நூலின் அடித்தாளம். பொதினி மலையைப் பேசும் மாமூலனாரின் பாலைப் பாட்டை முதலில் வைத்தது யாருடைய தேர்வு? பாடியவருடையது அன்று. அந்தப் பொதினியே நம் பழனி.

ஐங்குறுநூற்றைத் தொகுத்த புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் இதற்கு நேர்மாறு. ஒரு திணைக்குள் நுழைந்தால் 100 பாட்டு வெளியே வருவதில்லை. தொண்டிப்பத்தோ ஒன்றன் முடிவிலிருந்து அடுத்தது தொடங்கும் அந்தாதி. முன்னது மில்ஸின் வழி, பின்னது சாஷாவின் வழி என்று நம் மாணவர் சொன்னபோது சிரித்த நாம்தான், ஆண்டுதோறும் வகுப்பறையில் தொகுத்தார், தொகுப்பித்தார் பெயர்களை மனப்பாடம் செய்விக்கிறோம்.

ஒன்றில் மட்டும் மாணவரோடு நாம் மாறுபடுகிறோம். அவருக்குச் சாஷாவின் தடயமில்லாத தொடுப்பே உச்சம். ஆனால் இன்று கணினி மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பாடல்களின் தாளமும் தாமே பொருந்திக்கொள்கின்றன. பத்தாண்டுப் பயிற்சியில் விரல் கற்றதைப் பொத்தான் செய்துவிடுகிறது. எனவே மூட்டை மறைப்பது இனிப் பெரிய வித்தை ஆகாது. எதன் பின் எதை வைப்பது என்பதொன்றே எஞ்சி நிற்கிறது. அவ்வகையில் மில்ஸின் சிராய்ப்பும் மைக்செட்காரரின் இருமலும் நமக்கு இப்போது கூடுதலாகப் பிடிக்கின்றன. அங்கே ஒரு மனிதன் முடிவெடுப்பது கேட்கிறது.

இந்த இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதைப்பொருளும் காவல்துறையும்தான் நினைவுக்கு வருகின்றன. 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலையில் நள்ளிரவுக் கொண்டாட்டம் ஒன்றைக் காவல்துறை கலைத்தது. செய்தித்தாள்கள் பல நாள் எழுதின. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 2013இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் விடியவிடியப் பெருக்கி வைத்து அலறவிடுவது காட்டெருமைக்கும் சரி, விடிந்தால் பூண்டுக் கொல்லைக்குப் போக வேண்டியவருக்கும் சரி, கொடுமைதான். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் திருமண ஊர்வலத்துக்கும் அதே விதிதான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். இரவெல்லாம் முழவு அதிர, வேலன் தன்னை மறந்து ஆடும் வெறியாட்டு இக்குறிஞ்சி நிலத்துக்குப் புதிதன்று. அதை நாம் பத்து மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம்.

மலர்கள் ஆய்வேடு ஏப்ரலில் நம் மேசைக்கு வந்தது. சாதாரண ஆய்வேடுதான், மேற்கோள்களில் பிழைகள் உண்டு. ஆனால் இயல்களை அவர் திணைவாரியாகப் பகுக்கவில்லை. பூக்கும் பொழுதை வைத்து அடுக்கியிருந்தார்: காலையில் தாமரை, மாலையில் முல்லை, இரவில் ஆம்பல். இறுதி இயலில், எந்தச் சிறுபொழுதுக்கும் அடங்காமல் 12 ஆண்டுகள் காத்திருந்து 2018இல் பூத்த குறிஞ்சி. அந்த வைப்புமுறைக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் கோடிட்டோம். புறத்தேர்வாளர் அது எதற்கென்று கேட்டார். வரும் சூன் மாதத் துறைக் கூட்டத்தில் பழைய தலைப்பை நாமே எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். எழுத வேறொரு மாணவரைத் தேட வேண்டும்.