ஏ.ஸி. குழாயில் வரும் எமன்!

'ஏ.ஸி. ரூம் இருக்கா?' - ஆஸ்பத்திரியில் நாம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அந்தக் குளிர்காற்று எந்த வழியாக வருகிறது என்று கேட்டதுண்டா?

2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. விடியற்காலையில் தீப்பிடித்தது என்னவோ அடித்தளத்தில். இறந்ததோ மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள், சுமார் 90 பேர். பெரும்பாலோர் தீயில் கருகவில்லை. ஏ.ஸி. குழாய்கள் வழியாகவும் மேலேறிய புகையில் மூச்சுத் திணறிப் போனார்கள்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுந்து ஓட முடியாத நோயாளி என்னதான் செய்வார், பாவம்!

இதற்காகத்தான் அந்தக் குழாயிலேயே புகை உணரும் கருவியைப் பொருத்துகிறார்கள். புகை பட்டதுமே ஏ.ஸி. விசிறி நிற்க வேண்டும்; குழாயின் தடுப்புக் கதவுகள் மூடிக்கொள்ள வேண்டும்.

ஆனால், காற்றோடு தூசியும் வருமே! தூசி அடைத்தால் கருவி சும்மாவே அலறும். 'பெரிய தொல்லைப்பா' என்று ஒயரைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது. தூசி துடைத்து, வருஷத்துக்கு ஒரு தடவையாவது புகை காட்டிச் சோதிக்க வேண்டும். விசிறி ஓடாத நேரத்தில் குழாய்க் கருவிக்குப் புகை சரியாக வந்து சேராது. அதனால் அறையின் கூரையிலும் தனிக் கருவி அவசியம்.

ரூம் வாடகையைக் கேட்கிற நாம், 'இதைக் கடைசியா எப்போ சோதிச்சீங்க?' என்றும் கேட்போமே. கேட்க ஆளிருந்தால்தான் ஒயர் கழலாது!