வேலியோரத்து உயிர்களுக்கும் பங்கு உண்டு

காங்கேயம், தாராபுரம் பக்கம் பயணம் செய்யும்போது கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களை நாம் பார்த்திருப்போம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை. இதைக் கொறங்காடு என்கிறார்கள் கொங்கு மக்கள். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். கவுதாரியும் முயலும் கீரியும் ஓணானும் வாழ்வது இந்த வேலியில்தான். இது யாரும் அறிவித்த சரணாலயம் அல்ல. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த நிலம்.

இன்று கொறங்காடுகள் குறைந்து வருகின்றன. நிலம் மனையாகிறது, கிளுவை பிடுங்கப்பட்டுக் கம்பிவேலி வருகிறது. போனால் போகட்டும், வேலிதானே என்று நாம் நினைக்கலாம். ஆனால், அந்த வேலியில் ஒரு வாழ்வு இருக்கிறது.

தேவாங்கை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பளவில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இது. இரவில் பூச்சிகளைத் தின்று, பயிருக்குக் கூலி வாங்காத காவலாளியாய் இருக்கும் உயிர் அது. ஆனால், அதற்குத் தாவத் தெரியாது. கிளைக்குக் கிளை தொற்றியே நகரும். மரமும் வேலியும் இடையில் அறுந்துபோனால் தரையில் இறங்கியாக வேண்டும். நாயிடமோ வாகனத்திலோ சிக்க நேரும். எனவே, சரணாலயம் மட்டும் போதாது. பக்கத்துத் தோட்டத்து வேலியும் வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது, விவசாயியின் வேதனையை நாம் மறந்துவிடக் கூடாது. விதைத்த கடலையை மயில் கிளறிவிடுகிறது; ஒரே இரவில் காட்டுப்பன்றி வயலைப் புரட்டிவிடுகிறது. மயில் நமது தேசியப் பறவை, சட்டத்தின் முழுப் பாதுகாப்பு பெற்றது. ஆனால், அதற்குத் தீனி போடும் செலவு மட்டும் ஏழைக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கடன் வாங்கி விதைத்தவரிடம் வெறும் அறிவுரை சொல்வது நியாயமல்ல. உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். உயிர்வேலி வைத்திருப்பவருக்கு ஊக்கத்தொகை வேண்டும்.

ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவும், அதில் விளைவதை ஏழைகள் உண்ணவும், எஞ்சியதைக் காட்டு விலங்குகள் உண்ணவும் இறைவன் கட்டளையிட்டதை விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏழையும் விலங்கும் அங்கே எதிரிகள் அல்ல. ஒரே பந்தியில் அமர்கிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலும், நிலங்களை வேலியிட்டு அடைப்பதால் விலங்குகளின் வாழிடங்கள் துண்டாகின்றன என்று சுட்டிக்காட்டுகிறது.

நமது பங்குகளுக்கும், கல்விக்கூடங்களுக்கும், கல்லறைத் தோட்டங்களுக்கும் நிலங்கள் உண்டு. அங்கே கம்பிவேலி போடுமுன், ஒரு பக்கமாவது கிளுவைப் போத்துகளை நட்டால் என்ன? தோட்டம் வைத்திருப்போர் ஓரத்து மரங்களையும் புதரையும் எரிக்காமல் விட்டால் என்ன?

நிலப்பத்திரத்தில் நம் பெயர் இருக்கிறது. அந்த வேலியில் கூடு கட்டும் உயிர்களின் பெயர், படைத்தவரிடம் இருக்கிறது. சிந்திப்போம், செயல்படுவோம்.