கொல்லிமலை வாழையும் அதன் விலையும்

கொல்லிமலையின் மேற்பரப்பில், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திற்கு மேல், காப்பிச் செடிகளுக்கு நிழலாகவும் மிளகுக் கொடிகளுக்கு இடையிலும் மானாவாரியாக வளரும் வாழை இரகங்கள் பல. மனோரஞ்சிதம், நமரை, கருவாழை முதலிய இவற்றின் பெயர்களைச் சமவெளி மிராசுதார்களே அநேகர் அறியார். பூவனையும் ரஸ்தாளியையும் எவ்வூர்க் கடையிலும் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். மலையிலிருந்து இறங்குவதோ ‘மலைப்பழம்’ என்ற பொதுப்பெயரில் மறைந்துவிடுகிறது. இவ்விரகங்கள் அருகி வருவதற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சந்தைக்கு வரும் தார்களைச் சற்றுக் கவனியுங்கள். முற்றியதும் முற்றாததும், நமரையும் மனோரஞ்சிதமும் ஒரே குவியலாகக் கிடக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சரக்கை இறக்கவேண்டிய வியாபாரி, குவியலில் மட்டமானது எதுவோ அதற்கேற்பவே விலை கூறுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கலந்து கொடுத்தவர் நாமே.

பழனிப் பக்கத்து விருப்பாட்சி வாழையின் கதை வேறு. அப்பழத்தில் நீர்ச்சத்துக் குறைவாதலின் பஞ்சாமிர்தம் இளகாமல் நிற்கிறது. ஆகவே பெயர் சொல்லி வாங்குவோர் அதற்கு என்றும் உண்டு. 1970-களில் முடிக்கொத்து நோய் பரவி அம்மலைத் தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தபோதும், அந்த இரகம் வேண்டும் என்று கேட்போர் இருந்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்க முற்பட்டனர். பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு 2019-இலும், கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. நமரைக்கு நாளை அந்நோய் வந்தால் அதற்காகக் குரல் கொடுப்போர் யாவர்?

மாவாக்குங்கள், வறுவல் போடுங்கள், உலர்த்தி விற்பனை செய்யுங்கள் என்று உபதேசிப்போர் உளர். மொந்தனுக்கும் நேந்திரனுக்கும் அது தகும். மணத்துக்காகவே வாங்கப்படும் மனோரஞ்சிதத்தை மாவாக்குவது சந்தனக் கட்டையை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். அடிபட்ட பழங்களையும் சிறு சீப்புகளையும் வேண்டுமானால் உலர்த்தலாம். இலை, பூ, தண்டு, நார் ஆகியவற்றின் உபயோகம் யாவரும் அறிந்ததே.

நெல்லாயின் விதையைக் குதிரில் இட்டுவைத்து மறு பட்டத்திற்கு எடுக்கலாம். உண்ணும் வாழைக்கு விதையில்லை; கன்றெடுத்து நடுவோர் நின்றுவிட்டால் இரகமும் நின்றுபோகும். உலக வர்த்தகத்தை ஆண்டுவந்த குரோ மிஷெல் என்னும் வாழை 1950-களிற் பனாமா வாடல் நோயால் வீழ்ந்தது. அதன் இடத்தைப் பெற்ற கேவண்டிஷ் இரகத்தையும் அந்நோயின் புதிய வகையொன்று இப்போது தாக்கிவருகிறது. பீகாரிலும் அது காணப்பட்டுள்ளது. ஒரே இரகத்தை நம்பிய தேசங்களின் நிலை இவ்வாறிருக்க, பல இரகங்களை வைத்திருக்கும் நாம் அவற்றை அலட்சியம் செய்கிறோம். 1993-இல் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பல இரகங்களைச் சேகரித்துக் காத்துவருகிறது. ஆனால் ஆராய்ச்சி வயலில் ஓரிரு குத்துகள் நிற்பதால் மலைக் குடியானவருக்கு வருமானம் வாராது.

ஆகவே முதலில் மனோரஞ்சிதம் ஒன்றையாவது தோட்டத்திலேயே பிரித்து, பத்துப் பேர் ஒரே நாளில் வெட்டி, பெயர் எழுதிக் கட்டி அனுப்பிப் பாருங்கள். நாமக்கல், சேலம், திருச்சி நகரங்களிலுள்ள பழக்கடைக்காரர்களுக்கு ஒரு சீப்பை ருசி பார்க்கக் கொடுப்பது நஷ்டமன்று. நடுவதற்கு நோயற்ற குத்தில் மட்டுமே கன்றெடுக்க வேண்டும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும் மரத்தைக் கண்டால், முதலில் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, பின்னர் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுக. அசுவினியை விட்டுவைத்து மரத்தை மட்டும் வெட்டினால், அது அடுத்த குத்துக்கு நோயைச் சுமந்து செல்லும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடங்கலில் ‘வாழை’ என்று மட்டும் எழுதுவதோடு அமையாமல், பார்வையிடும்போது இரகத்தின் பெயரையும் கேட்டுத் தனிக் குறிப்பேட்டிற் பதிந்து வைத்தால், எந்த நாட்டில் எந்த இரகம் எத்தனை ஏக்கர் எஞ்சியுள்ளது என்பதை மூன்று பசலிகளுக்குள் நாம் அறிந்துகொள்ளலாம்.