குழந்தை என்ன குற்றம் செய்தது?

ஜெயிலில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. பிறப்புச் சான்றிதழில் "பிறந்த இடம்: ஜெயில்" என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்த வட்டாரத்தின் விலாசத்தைத்தான் எழுத வேண்டும். இது சுப்ரீம் கோர்ட்டின் கட்டளை. ஆர்.டி.உபாத்யாய் என்பவர் தொடுத்த வழக்கில் 2006-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி இந்தத் தீர்ப்பு வந்தது. கூடியவரை பிரசவம் வெளியே உள்ள ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதற்கு வசதி செய்து தர வேண்டும். ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். அதைக் கைதி போல நடத்தக் கூடாது. இத்தனையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

(பிரான்சு நாட்டில் பொதுவாகப் பதினெட்டு மாதம் வரைதான் குழந்தையைத் தாயுடன் விட்டு வைப்பார்கள். பாதி உறவினர் பாரீசில் இருக்கும் நம் புதுவைக் குடும்பங்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.)

இப்படி எத்தனை குழந்தைகள்? 2022-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி எடுத்த கணக்கு இது. அன்று நாடு முழுவதும் 1,537 தாய்மார்கள் 1,764 குழந்தைகளுடன் ஜெயிலில் இருந்தார்கள். அவர்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூற்றுக்கு 85 பேர் குற்றவாளிகள் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. தாய் மீதே குற்றம் முடிவாகவில்லை. பிள்ளையோ உள்ளே தவழ்கிறது!

நாயைக் கண்டால் நடுக்கம்

உள்ளேயே வளரும் குழந்தை எப்படி இருக்கும்? அந்தத் தீர்ப்பிலேயே சில விவரங்கள் உண்டு. தெருவில் மாடு, நாய் நடந்து போனால் இந்தக் குழந்தைகள் பயந்து அலறுகின்றன. முன்பின் பார்த்ததில்லை அல்லவா? அவர்கள் பார்க்கும் ஆண்கள் எல்லாம் போலீசாரும் ஜெயில் சிப்பந்திகளும்தான். சில பையன்கள் பெண்பிள்ளை பேசுவது போலப் பேசுகிறார்கள். இந்தியில் "நான் போகிறேன்" என்பதை ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். பெண்கள் பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்த பையன் வேறு எப்படிப் பேசுவான்?

பால் கொடுக்கலாம், பருப்புச் சோறு கொடுக்கலாம். தெருவை யார் காட்டுவது? வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் உண்டு.

கிரண் பேடி அம்மையார் 1993 முதல் 1995 வரை டில்லி திகார் ஜெயிலின் தலைமை அதிகாரியாக இருந்தார். 2016 முதல் 2021 வரை நம் புதுவையின் துணைநிலை கவர்னராக இருந்தவரும் அவரே. 1994-ல் அவருக்கு மகசேசே பரிசு கிடைத்தது. அந்த ஆண்டில் அவர் தொடங்கிய "இந்தியா விஷன் பவுண்டேஷன்" என்ற சேவை ஸ்தாபனம், ஜெயிலில் உள்ள தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்து வருகிறது. கல்லூரி மாணவ மாணவிகளும் அங்கே போய்ச் சில வாரம் பயிற்சி பெறுகிறார்கள்.

காலாப்பட்டில் மூன்று வாசல்

புதுவையில் இதைச் செய்ய முடியாதா?

பட்டணத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு இருக்கிறது. புதுவை மத்திய சிறை அங்கேதான். பல்கலைக்கழகமும் அங்கேதான். சமூகப் பணி படிக்க அதில் தனித் துறையே உண்டு. அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும் அதே காலாப்பட்டில்தான்! சட்டம் படிக்கும் பிள்ளைகளும், சட்டத்தில் சிக்கியவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு தாய், ஒரே ஒரு குழந்தை என்றாலும் செய்ய வேண்டிய வேலை குறையாது.

பண்டிகைக்கு மிட்டாய் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதை நாம் வேலை என்று சொல்லவில்லை. அதைச் செய்ய ஊரில் ஆள் நிறைய உண்டு. ஆள் இல்லாதது காகித வேலைக்குத்தான்.

ஒரு தாய்க்கு ஜாமீன் கிடைத்து விட்டது என்று வைத்துக்கொள்வோம். பிணை நிற்க ஆளில்லை. புருஷன் வீட்டார் கைகழுவி விட்டார்கள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் அவள் உள்ளேயே கிடக்கிறாள். இதற்கு வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒரு கைதி வெளியே போகாவிட்டால், ஜெயில் சூப்பிரண்டு அதைச் சட்ட உதவி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால், கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரி 31-ந் தேதி இப்படி உத்தரவிட்டது. அதே ஆண்டில் மத்திய சர்க்காரும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத ஏழை விசாரணைக் கைதிக்கு அதில் உதவி உண்டு; தொடக்கத்தில் அது ரூ.40,000 வரை என்று இருந்தது.

உத்தரவும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் நடந்து, மனு எழுதி, சொந்தக்காரர் விலாசத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு கால் வேண்டாமா? சட்டக் கல்லூரிப் பெண் ஒருத்தி விடுமுறையில் ஒரு மாதம் இதைச் செய்தால், அந்தக் குழந்தை தன் வீட்டுத் திண்ணையில் விளையாடும். எந்தப் பொம்மையையும் விட அது பெரிது.

"ஜெயிலுக்கா? வயசுப் பெண்ணையா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அவள் தனியாகப் போகவில்லை. கல்லூரியின் கடிதத்தோடும் ஜெயில் அதிகாரியின் அனுமதியோடும் போகிறாள். பார்க்கப் போவது நம் வீட்டுப் பெண்ணைப் போன்ற இன்னொரு பெண்ணை. தைரியமாக அனுப்பலாம் என்பதே நம் கட்சி.

ஆனால் ஒன்று. ஒரு மாதம் "அக்கா, அக்கா" என்று காலைக் கட்டிக்கொண்ட குழந்தை, அடுத்த மாதம் வாசலைப் பார்த்து ஏங்கி நிற்கும். ஆகவே ஆசைக்கு ஒருத்தி போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. ஒருத்தி வரும்போதே அடுத்தவளையும் அழைத்துப் போய்க் குழந்தைக்குப் பழக்கி விட வேண்டும். ஆண்டு முழுவதும் முறை போட்டு அனுப்புவது கல்லூரிகளின் பொறுப்பு.

ஏனென்றால், பெரிய பிரிவு ஒன்று பின்னால் காத்திருக்கிறது. ஆறு வயது முடிந்ததும் பிள்ளை தாயை விட்டு வெளியே போயாக வேண்டும். தாய் விரும்பும் உறவினர் வீட்டுக்குப் போகலாம். உறவினர் இல்லையென்றால் விடுதிக்குத்தான். விடுதிக்குப் போன பிள்ளையைத் தாய் வாரம் ஒரு முறையாவது பார்க்க விட வேண்டும் என்று அதே தீர்ப்புச் சொல்கிறது. பார்க்க விடுவார்கள், சரி. ஆறு வயதுப் பிள்ளை தானாகக் காலாப்பட்டுக்குப் பஸ் ஏறுமா? வாரா வாரம் கையைப் பிடித்து அழைத்துப் போய், திரும்பக் கொண்டு வந்து விட யாராவது ஒருவர் வேண்டும்.